எழுதி எண்ணுங்கள்: நிகழ்தகவு கேள்வி-பதில்

பகடையை ஆறு முறை உருட்டினால் ஒரு தடவையாவது 6 கட்டாயம் விழும்தானே?

விழாமலும் போகும். ஆறில் ஒன்றை ஆறு முறை கூட்டி 1 வந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். ஏழு முறை உருட்டினால் 1-ஐத் தாண்டுமே, அதை என்னவென்று சொல்வீர்கள்? 6 விழவே விழாத வாய்ப்பை முதலில் பாருங்கள். 5/6-ஐ ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. மீதி மூன்றில் இரண்டுதான் உங்களுக்கு.

முப்பது பேர் கூடிய இடத்தில் இருவருக்கு ஒரே பிறந்தநாள். அதிசயம் இல்லையா?

இல்லை. முப்பது பேரில் 435 ஜோடிகள். வாய்ப்பு 70 சதவீதம். 23 பேரிலேயே பாதியைத் தாண்டிவிடும்.

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்றே விளைவுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒன்று என்று எழுதினேன். தவறு என்று மதிப்பெண் தரவில்லை. நியாயமா?

நியாயம்தான். இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு ஓயாமல் வருகிறது. ‘மழை பெய்யும் அல்லது பெய்யாது, ஆகவே பாதிக்குப் பாதி’ என்பவர்களும் இதே கூட்டம்தான். விளைவுகளை எண்ணிவிட்டு, அவை சம வாய்ப்புள்ளவையா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். நூறு தடவை சொல்லிவிட்டேன்: முதலில் கூறுவெளியை, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை, முழுதாக எழுதுங்கள், பிறகு எண்ணுங்கள்.

ஒரு நாணயத்தில் சிவப்புப் பொட்டு வையுங்கள். இப்போது பொட்டு தலை–மற்றது பூ என்பது ஒன்று, பொட்டு பூ–மற்றது தலை என்பது இன்னொன்று. நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். விளைவுகள் நான்கு, அதில் கலவைக்கு இரண்டு, அதாவது பாதி. நம்பிக்கை வரவில்லையென்றால் 100 முறை சுண்டிக் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கலவைக்கான கோடுகள் 33-ஐ அல்ல, 50-ஐ ஒட்டி நிற்கும்.

உங்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. பெரிய கணிதமேதை தலம்பேர் 1754-இல் இதே குழியில் விழுந்தார். இரண்டு சுண்டலில் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று அதை ஒரே விளைவாக எண்ணிவிட்டார். சரியான விடை நான்கில் மூன்று. ஆனால் அவருக்கு மதிப்பெண் போட ஆசிரியர் இல்லை.

சீட்டுக்கட்டிலிருந்து அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வரும் வாய்ப்பு என்ன?

எடுத்த சீட்டைத் திரும்ப வைத்தீர்களா? அதைச் சொல்லாமல் விடை கேட்டால் எப்படி? வைத்துக் கலைத்தால் 169-இல் ஒன்று, வைக்காவிட்டால் 221-இல் ஒன்று. இங்கும் அதே பேச்சு: எழுதிவிட்டு எண்ணுங்கள்.

தொடர்ந்து ஐந்து தலை. அடுத்தது பூவாகத்தானே இருக்க வேண்டும்?

பாதிக்குப் பாதிதான். 1913-இல் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சை என 37 குழிகள் கொண்ட ரூலெட் சக்கரத்தின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் நின்றது. ‘இனி சிவப்புதான்’ என்று பணத்தைக் கொட்டியவர்கள் அதை இழந்தார்கள். குறிப்பிட்ட 26 சுழற்சிகளும் கறுப்பாகவே விழுவது பதின்மூன்று, பதினான்கு கோடியில் ஒன்று. ஆனால் 26-ஆவது சுழற்சிக்கு முன்னும் சிவப்புக்கு இருந்தது 37-இல் 18 மட்டுமே.