சாயம் வேண்டாம், கை போதும்

தங்கச்சி, களுவாஞ்சிக்குடியில் ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகம் போடுகிறோம், மக்பெத்தின் மனைவியான சீமாட்டி தூக்கத்தில் நடக்கும் காட்சி ஒப்பாரி மாதிரி ஆகிவிடுகிறது, கையில் சிவப்புச் சாயம் பூசலாமா என்று கேட்டிருந்தீங்க. பூசாதீங்க. அந்தக் காட்சியில் கையில் இரத்தமே இல்லை. அவள் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிகிறது. ஒளிந்து பார்க்கிற வைத்தியருக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரியவில்லை, சபைக்கும் தெரியக்கூடாது.

இரண்டாம் அங்கத்தைத் திரும்ப வாசியுங்க. டங்கன் மன்னனைக் கொன்றுவிட்டு வந்த மக்பெத், கடல் முழுக்க ஊற்றினாலும் இந்தக் கை சுத்தமாகுமா என்று நடுங்குகிறான். அவளோ கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். அந்த இடத்தில் உங்கள் நடிகை விரல்களை அலட்சியமாக ஒருமுறை தேய்த்துவிட்டுப் போகட்டும். ஐந்தாம் அங்கத்தில் அதே அசைவு வரட்டும், ஆனால் நிற்காமல். கால் மணி நேரம்கூட இப்படித் தேய்ப்பாள் என்று பணிப்பெண்ணே சொல்கிறாளே!

அப்புறம், அதுவரை செய்யுளில் பேசியவள் இங்கே உரைநடையில் உடைந்து உடைந்து பேசுகிறாள். நம் கூத்துக்காரருக்கு இது கைவந்த விஷயம். வட்டக்களரி என்கிற வட்டமான கூத்து அரங்கில் ஓயாமல் போகும் மத்தளம் திடீரென்று நின்றால் நெஞ்சை அடைக்கும், தெரியும்தானே? முந்திய காட்சிகளுக்கு ஆட்டமும் தாளமும் வையுங்க. இந்தக் காட்சிக்கு மட்டும் கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் இருந்து கையை எடுக்கட்டும். உள்ளங்கை உரசுகிற சத்தம் முன்வரிசைக்குக் கேட்கவேண்டும்.

வெளிச்சத்துக்குக் குப்பி விளக்கு ஒன்று போதும். முதலாம் அங்கத்தில் இருட்டே வா என்று அழைத்தவள், இப்போது விளக்கில்லாமல் இருக்கமாட்டாள்.