வென்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்துமா?

செயற்கையாக மூச்சு கொடுக்கும் கருவியான வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துமா, அதில் எதை எதைக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குணப்படுத்தாது. மருந்து வேலை செய்யும்வரை மூச்சுவிடும் உழைப்பைத் தான் ஏற்று, உடலுக்கு அவகாசம் தருகிறது.

இயல்பாக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையான உதரவிதானம் கீழிறங்கி, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, காற்று தானே உள்ளே வருகிறது. கருவியோ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. நன்மையும் ஆபத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. அதிகமாகத் தள்ளினால் நுரையீரலுக்குள் இருக்கும் மிகச்சிறிய காற்றுப் பைகளான நுண்ணறைகள் சேதமாகும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து ரத்த அழுத்தமும் இறங்கலாம்.

ஆகவே ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். இரு நுரையீரல்களும் கடுமையாக அழற்சியடைந்த நிலையில், கிலோவுக்கு ஏறத்தாழ 6 மில்லிலிட்டர். இந்தக் கிலோ நோயாளியின் இன்றைய எடை அல்ல. உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணக்கிடுவது. உடல் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லையே! 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், 12க்குப் பதில் 6 மில்லிலிட்டர் கொடுத்தபோது இறப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது.

‘பீப்’ (PEEP) என்பது மூச்சு வெளியேறிய பிறகும் விட்டுவைக்கும் சிறு அழுத்தம். நுண்ணறைகள் மூடிக்கொள்ளாமல் அது தடுக்கிறது. ஆக்சிஜனை 21 முதல் 100 சதவீதம் வரை வைக்கலாம். தேவைக்கு மேல் கூடாது.

நோயாளி தேறியதும், உதவியை வெகுவாகக் குறைத்து 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை தானாக மூச்சுவிடச் செய்து பார்ப்பார்கள். தாங்கினால், இருமலும் விழிப்பும் போதுமானவையாக இருந்தால், கருவியிலிருந்து மூச்சுக்குழாய்க்குள் செருகியிருக்கும் குழாயை எடுப்பார்கள்.