பி.ஏ. படிக்க 30 லட்சம்: மனையை விற்கலாமா?

கேள்வி: தேனியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 51. செலவு போக மாதம் 60,000 ரூபாய் நிற்கும். பிளஸ் 2 முடிக்கும் என் மகள், வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரம், சமூகவியல், அரசியல் எல்லாம் சேர்ந்த பி.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். விடுதியோடு ஆண்டுக்கு 10 லட்சம், மூன்று ஆண்டுக்கு 30 லட்சம். செல்வமகள் கணக்கில் 8 லட்சம், வங்கி டெபாசிட்டில் 8 லட்சம் இருக்கிறது. பைபாஸ் பக்கம் உள்ள மனை 20 லட்சம் போகும். மனையை விற்பதா, கடன் வாங்குவதா? "பி.ஏ.வுக்கு 30 லட்சமா?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிப்பவர்களை விடுங்கள். படிப்பில் எனக்குக் குறை தெரியவில்லை, விலையில்தான் தெரிகிறது.

இன்ஜினீயரிங் போல நான்கு ஆண்டோடு கணக்கை முடித்துவிடும் படிப்பு இல்லை இது. சமூக அறிவியலில் நல்ல வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எம்.ஏ.வும் முடித்திருப்பார்கள். பல இடங்களில் நான்காம் ஆண்டு ஆனர்ஸும் உண்டு; வகுப்பில் பாதிப் பேர் அதற்குப் போகும்போது உங்கள் மகள் மட்டும் பெட்டியைக் கட்டுவாளா? ஆக, 30 லட்சம் முதல் தவணைதான். முதல் பட்டத்திலேயே மனை போய்விட்டால் இரண்டாவதுக்கு என்ன செய்வீர்கள்?

சரி, கடன். செல்வமகள் கணக்கில் பாதியும் டெபாசிட் முழுவதும் போட்டால் 12 லட்சம். மீதி 18 லட்சத்தை ஆண்டுக்கு 6 லட்சமாக, 10 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நான்காம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 5.4 லட்சம் சேர்ந்து, பாக்கி 23.4 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 30,900 ரூபாய். வெறும் பி.ஏ.வோடு வேலைக்குச் சேரும் பெண்ணின் முதல் சம்பளமே அவ்வளவுதான் இருக்கும். அவளால் கட்ட முடியாதபோது கடை கட்டும், உங்களுடைய 65 வயது வரை.

மகள் எம்.ஏ. சேர்ந்துவிட்டால் சம்பளமே வராது. இதை யாரும் யோசிப்பதில்லை.

மனையை அடமானம் வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துக் கடனை முடிவு செய்யாதீர்கள். பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால்தான் வங்கி சொத்துப் பிணை கேட்கும். அப்போது பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைக்கு நகர ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் என்று வரிசையாகக் கேட்பார்கள். உங்கள் வருமான வரிக் கணக்கையும் கேட்பார்கள். கடையில் நிற்பது 60,000. கணக்கில் காட்டியது எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனமென்றால் பிணையில்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் மானியம் ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குத்தான், அதிலும் அரசு நிறுவனங்களில் தொழிற்படிப்பு படிப்பவர்களுக்கு முன்னுரிமை. தனியாரில் பி.ஏ. சேர்பவர் வரிசையில் கடைசியில்தான் நிற்பார்.

முழுக் கட்டணம் 30 லட்சம்தான் என்றால் என் பதில், வேண்டாம். ஆனால் இந்த வகைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விலைப்பட்டியலில் இருப்பது கடைசி விலை இல்லை. அசோகா, கிரியா, பெங்களூரின் அசிம் பிரேம்ஜி போன்றவை குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 15 லட்சமாக இறங்கினால் கணக்கே வேறு: செல்வமகளில் 4, டெபாசிட்டில் 4, கடன் 7 லட்சம். பிணை வேண்டாம், மனை தப்பிக்கும், அவசரத்துக்கு டெபாசிட்டில் 4 லட்சம் மிஞ்சும். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் பிற்பாடு தவணை மாதம் 9,250 ரூபாய்தான். ஒரு விஷயம்: கடன் வட்டிக்கான வரிச் சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான், அதுவும் வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுக்குத்தான். சீக்கிரம் கட்டத் தொடங்கினால் அந்த எட்டும் சீக்கிரம் ஓடிவிடும். ஆனாலும் கட்டுங்கள். வட்டி மேல் வட்டி ஏறாமல் இருப்பதே பெரிய லாபம்.

செல்வமகள் பணம் கல்யாணத்துக்கு வைத்தது என்று தயங்குவீர்கள். 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை படிப்புக் கட்டணத்துக்கு எடுக்கலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. எடுங்கள்.

குறைந்த செலவில் வேறு வழியும் இருக்கிறது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு மகாராஷ்டிரத்தில் உள்ள துல்ஜாபூர் வளாகத்தில் சமூக அறிவியல் இளங்கலை இருக்கிறது. இல்லை, மதுரையிலோ சென்னையிலோ ஒரு நல்ல கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு, கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதி சென்னை ஐ.ஐ.டி.யில் இரண்டாண்டு எம்.ஏ. சேரலாம். முன்பு பிளஸ் 2 முடித்ததும் சேர்கிற ஐந்தாண்டு எம்.ஏ. அங்கே இருந்தது, இப்போது இரண்டாண்டுப் படிப்புதான். கேட் என்றாலே இன்ஜினீயர்கள் எழுதுவது என்று நினைப்போம். 2021 முதல் அதில் கலைப் பாடங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் என்றே ஒரு தாள் இருக்கிறது. பொருளாதாரம், சமூகவியல் இரண்டும் அதில் வரும்.

அட்வான்ஸ் கட்டும் முன் பல்கலைக்கழகத்துக்கு மகளை விட்டே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். கட்டணச் சலுகை மூன்று ஆண்டும் தொடருமா, மார்க் குறைந்தால் நிறுத்துவார்களா, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கட்டணம் ஏறும், நான்காம் ஆண்டுக்கு எவ்வளவு. பதில் எழுத்தில் வரட்டும். போனில் சொன்னால் போதாது.