காடிலாக் கார் மேல் அமெரிக்கர்களுக்கு ஏன் இந்த மோகம்? அது வெறும் "தாத்தா கார்" தானே?

கேள்வி கேட்டவர் அமெரிக்கா வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். படகு மாதிரி நீளமான ஒரு பழைய காடிலாக், இடது லேனை அடைத்துக்கொண்டு மெதுவாகப் போவதைப் பார்த்துக் கடுப்பாகியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் "தாத்தா கார்" என்று எழுதிவிட்டீர்கள், அதனால் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். பல வருடமாக டெட்ராய்ட் பக்கத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மைக்ரான் கணக்கில் அளப்பதுதான் பிழைப்பு. வீட்டில் நிற்பது 2004 காடிலாக் டிவில். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். காடிலாக்கைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸில் நான் வேலை பார்க்கவும் இல்லை, அவர்கள் பங்கு வைத்திருக்கவும் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கிளப்புவார்கள்.

இங்கே வந்த மற்ற பதில்களில் குரோம், பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி எழும்பும் வால் செதில், எல்விஸ் பிரெஸ்லியின் பிங்க் கார், பெட்ரோல் குடிக்கும் இன்ஜின் எல்லாம் வந்துவிட்டன. எல்லாம் உண்மைதான். ஆனால் காடிலாக்கின் பெயர் முதலில் எழுந்தது அழகால் இல்லை, அளவால். பெரிய சைஸைச் சொல்லவில்லை, பாகங்களை அளந்து செய்த துல்லியத்தைச் சொல்கிறேன்.

1902ல் ஹென்றி ஃபோர்டு தன் பெயரிலேயே இருந்த கம்பெனியில் முதலீட்டாளர்களோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். பணம் போட்டவர்கள் இயந்திரங்களை விற்றுக் கணக்கை முடித்துவிடலாம் என்று, மதிப்புப் போட ஹென்றி லீலண்ட் என்பவரைக் கூப்பிட்டார்கள். துப்பாக்கித் தொழிற்சாலைகளிலும், பிரவுன் அண்ட் ஷார்ப் என்ற அளவுக்கருவி கம்பெனியிலும் வேலை கற்றவர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மதிப்புப் போட வந்தவர், "கடையை மூடாதீர்கள், என்னிடம் ஒரு இன்ஜின் இருக்கிறது, அதை வைத்துக் கார் செய்யலாம்" என்றார். ஓல்ட்ஸ்மொபில்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய இன்ஜின் அது. கம்பெனிக்குப் புதுப் பெயர் வேண்டியிருந்தது. 1701ல் டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் காடிலாக்கின் பெயரை வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களில் ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் பொருந்தாது. ஃபிட்டர் கையில் அரத்தை வைத்துக்கொண்டு ராவி ராவிப் பொருத்துவார். கோயம்புத்தூரில் எங்கள் சித்தப்பாவின் லேத் பட்டறையில் "கொஞ்சம் ராவுனா உக்காந்துரும்" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதனால் 1908ல் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

லண்டனில் காடிலாக்கை இறக்குமதி செய்து விற்ற ஃபிரெடெரிக் பென்னெட், இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் சோதனைக்கு வண்டிகளைக் கொடுத்தார். விற்பனைக்கு நின்ற ஒற்றை சிலிண்டர் வண்டிகளிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து, ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றையும் 721 பாகங்களாகக் கழற்றி, மூன்று வண்டிப் பாகங்களையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதோடு விடவில்லை. 89 பாகங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கடை ஸ்டாக்கிலிருந்து ஸ்பேர் கொடுத்தார்கள். மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும்தான் அனுமதி. அரம் தொடக் கூடாது. ஒரு வண்டியின் மட்கார்டு இன்னொன்றில், இதன் சக்கரம் அதில் என்று, நிறம் கலந்து பார்க்கவே வேடிக்கையாக மூன்று வண்டிகள் எழுந்து நின்றன. பிறகு 500 மைல் ஓடின. அந்த கிளப் தரும் டியூவர் கோப்பை அந்த வருடம் காடிலாக்குக்குப் போனது. ஐரோப்பாதான் கார்களின் வீடு என்று எல்லோரும் நம்பிய காலத்தில், சாதாரண விலைக்கு விற்ற அமெரிக்க வண்டி அது. "உலகத்துக்கே தரம்" என்று அவர்கள் விளம்பரத்தில் போட்டுக்கொண்டதற்கு இப்படி ஒரு அடிப்படை இருந்தது.

அதற்கு அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிவிட்டது. 1912 மாடலில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை இன்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று ஹேண்டில் சுற்றும்போது அது திருப்பி அடித்துக் கை ஒடிந்தவர்கள் ஏராளம். லீலண்டின் நண்பர் ஒருவரே அப்படி அடிபட்டு இறந்துபோனார் என்று சொல்வார்கள். சார்லஸ் கெட்டரிங் முன்பு கல்லாப்பெட்டி இயந்திரத்துக்குச் சின்ன மோட்டார் வைத்தவர். சில விநாடி மட்டும் சக்திக்கு மீறி உழைக்கும் மோட்டார் போதும் என்ற அதே யோசனையைக் காருக்கும் கொண்டுவந்தார். அதற்கும் டியூவர் கோப்பை. 1915 மாடலுக்கு வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின்.

லீலண்ட் கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1917ல், எழுபது தாண்டிய வயதில், உலகப்போருக்கு விமான இன்ஜின் செய்யும் விஷயத்தில் முதலாளியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து இன்னொரு கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் லிங்கன். ஆமாம், காடிலாக்கின் பரம எதிரி. அது நொடித்தபோது 1922ல் 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அதே ஹென்றி ஃபோர்டு. சில மாதங்களில் லீலண்டையும் மகனையும் வெளியே அனுப்பிவிட்டார். இருபது வருடம் காத்திருந்து தீர்த்த கணக்கு என்று நான் சொன்னால், ஃபோர்டு ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இன்ஜினியரிங் மட்டும் பேசினால் உங்கள் கேள்விக்கு அது பாதிப் பதில்தான்.

கார் வாங்க வேண்டும் என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஆலையில் மூத்த இன்ஸ்பெக்டராக இருந்த கறுப்பினத்தவர் ஒருவரிடம் மதியச் சாப்பாட்டில் பேச்சுக்கொடுத்தேன். காடிலாக் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன் என்றதும், மனிதர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். அவர் அப்பா வார்ப்படப் பட்டறைத் தொழிலாளி. ஐம்பதுகளில் பழைய காடிலாக் ஒன்றை வாங்கினாராம். வாடகை வீடு, ஆனால் வாசலில் காடிலாக். "வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள், புத்தியில்லாதவன் என்றார்கள். எங்கள் அப்பாவுக்கு நல்ல தெருவில் வீடு விற்க யாரும் தயாராக இல்லை. பேங்கும் கடன் தராது. கார்தான் விற்றார்கள்" என்றார். டெட்ராய்டில் எயிட் மைல் ரோட்டுக்குப் பக்கத்தில், 1941ல் கறுப்பின மக்கள் பகுதிக்கும் புது வெள்ளையர் குடியிருப்புக்கும் நடுவே கட்டிய சுவர் இன்றும் நிற்கிறது. அந்தச் சுவர் இருந்தால்தான் வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் என்ற நிலைமை. அந்த ஊரில் அவர் சொன்னது மிகை இல்லை.

அந்தக் கார்கூட முன்பு சுலபமாகக் கிடைக்கவில்லை. 1930 ஜனவரியில், பங்குச்சந்தை விழுந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில், காடிலாக் 16 சிலிண்டர் இன்ஜினோடு ஒரு காரை வெளியிட்டது. பத்து வருடத்தில் விற்றது நாலாயிரத்துச் சொச்சம்தான். பெருமந்தத்தில் பிராண்டையே மூடிவிடலாமா என்கிற நிலை. கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்பது அப்போது கொள்கை. பணக்கார வெள்ளையர்களின் கௌரவம் கெட்டுவிடுமாம். சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நிக்கலஸ் ட்ரைஷ்டட் என்ற ஜெர்மன்காரர் ஒன்றைக் கவனித்தார். ரிப்பேருக்கு வண்டி கொண்டுவருபவர்களில் கறுப்பின மருத்துவர்கள், பாடகர்கள், குத்துச்சண்டை வீரர்கள் என்று நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரருக்குத் தனியாகப் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கி ஓட்டுகிறார்கள். அந்தப் பணம் நமக்கு வரட்டுமே என்று மேலிடத்தில் வாதாடி, விற்பனையைத் திறந்துவிட வைத்தார். பெரிய சமூக நீதிக்காரர் என்று நான் சொல்லவில்லை, அவர் பேசியது வியாபாரம். ஆனால் பிராண்ட் பிழைத்தது, 1934ல் அவரே அதற்குத் தலைவரானார். கறுப்பின மக்கள் ஏன் காடிலாக் வாங்குகிறார்கள் என்று கறுப்பின வாசகர்களுக்கான எபோனி பத்திரிகை 1949ல் தலையங்கமே எழுதியது.

இதைக் கேட்ட அடுத்த சனிக்கிழமை, பழைய கார் விற்கும் இடம் ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். விற்பனையாளர் என் முகத்தைப் பார்த்ததும் நேராக ஜப்பான் கார் வரிசைக்குக் கூட்டிப்போனார். நான் காடிலாக் என்கிறேன், அவர் "உங்கள் ஆட்கள் எல்லோரும் இதைத்தான் வாங்குவார்கள், மைலேஜ் நன்றாக வரும்" என்கிறார். மரியாதையாகத்தான் பேசினார், சிரித்துக்கொண்டே. அதற்காக அவரை இனவெறியர் என்று நான் சொல்லவில்லை. பின்னூட்டத்தில் அந்தப் பக்கம் இழுக்காதீர்கள். அந்தத் தொழிலாளியின் அனுபவமும் என்னுடையதும் ஒன்றில்லை என்பதும் தெரியும். ஆனால் உனக்கு எது பொருந்தும் என்று இன்னொருவன் முடிவு செய்துவிட்டு நிற்பதைப் பார்க்கும்போது வரும் பிடிவாதம் இருக்கிறதே, அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. திங்கட்கிழமை போய் நம் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவருடைய சர்ச்சில் ஒரு பெரியவர் டிவில் விற்கப்போகிறார் என்று கை காட்டினார். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு படாமல், கராஜிலேயே வைத்திருந்த வண்டி. அதிலிருக்கும் நார்த்ஸ்டார் இன்ஜினில் ஹெட் போல்ட் பிடி விட்டுப்போகும் விவகாரம் எனக்கும் தெரியும், சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

முன்னால் சோபா மாதிரி ஒரே சீட்டு, கியர் ஸ்டீயரிங்கிலேயே. ஊரிலிருந்து வந்த அம்மா பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு நயாகரா போகும் வழி முழுக்கத் தூங்கினார். "ஆம்னி பஸ்ஸுல கூட இப்படி வராதுடா" என்றார். நண்பர்கள் வட்டத்தில்தான் கேலி. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்துக்குப் போனால் "என்ன தாத்தா, பார்க்கிங் கிடைச்சுதா?" அப்புறம் ரீசேல் வேல்யூ பிரசங்கம்.

அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். இந்தியாவில் பிறந்தவருக்குக் கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்தையெல்லாம் தாண்டி நிற்கிறது. எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற சட்டம் அப்படி. நாளைக்கே விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும் என்றால் சுலபமாக விற்றுப்போகும் டொயோட்டா கேம்ரிதான் வாங்க முடியும். வீடும் அப்படி, சோபாவும் அப்படி. சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிக்கிறான். வரி மட்டும் முழுசாகக் கட்டுகிறான். இதைப் பற்றி எந்தச் சங்கத்து மேடையிலும் பேச மாட்டார்கள், பட்டிமன்றத் தலைப்பு மட்டும் வருடா வருடம் மாமியாரா மருமகளா. சரி, விடுங்கள், எங்கேயோ போய்விட்டேன்.

மிச்ச வரலாற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். போர் விமானம் ஒன்றைப் பார்த்து 1948ல் சின்னதாக வால் செதில் வைத்தார்கள், 1959ல் அது உச்சத்துக்குப் போனது. அந்தக் கால வண்டிகளில் இடது பின் விளக்கைத் தூக்கினால் அதற்கடியில் பெட்ரோல் மூடி இருக்கும், எனக்குச் செதிலைவிட அதுதான் பிடிக்கும். எழுபதுகளில் 8.2 லிட்டர் இன்ஜின் வரை வீங்கியது. பிறகு 1982 மாடலில் சின்ன ஷெவர்லே ஒன்றுக்குத் தோல் சீட்டும் காடிலாக் சின்னமும் ஒட்டி சிமரான் என்று விற்றார்களே, அங்கேதான் விழுந்தார்கள். நாற்பதாவது வயதில் கார் வாங்க வந்தவர்கள் ஜெர்மன் பக்கம் போய்விட, பழைய விசுவாசிகள் மட்டும் மிஞ்சினார்கள். "தாத்தா கார்" என்ற பெயர் அப்படித்தான் வந்தது. லீலண்டின் கம்பெனி அளவைவிட்டுச் சின்னத்தை விற்கப்போன தண்டனை என்பேன், என்னை மாதிரி கேஜ் பிடிப்பவன் அப்படித்தான் சொல்வான். எஸ்கலேட் என்ற பெரிய எஸ்யூவி வந்து மறுபடியும் இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது லிரிக் என்று மின்சாரக் கார் விற்கிறார்கள்.

என் டிவில் செய்யப்பட்ட ஆலைக்கும் ஒரு கறை உண்டு. போல்டவுன் என்ற குடியிருப்பை 1981ல் நகராட்சியே கையகப்படுத்தி, வீடுகளையும் தேவாலயங்களையும் இடித்து, நாலாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றிக் கட்டிக்கொடுத்த இடம். மிஷிகன் உச்ச நீதிமன்றம் அன்று சரி என்றது, 2004ல் அந்தத் தீர்ப்பு தவறு என்று தானே மாற்றிக்கொண்டது. ரசிகன் என்பதற்காக இதை மறைக்கப்போவதில்லை.

நீங்கள் மிஷிகன் பக்கம் வந்தால் ஹிக்கரி கார்னர்ஸில் கில்மோர் கார் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்குள் காடிலாக்குக்கென்றே தனிக் கட்டடம். போய்ப் பார்த்துவிட்டுத் தாத்தாவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

மைலேஜ் எவ்வளவு என்று கேட்டு வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: நெடுஞ்சாலையில் கேலனுக்கு 24, 25 மைல் தருகிறது. ஊருக்குள் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.