உறைவிந்து செலுத்தியும் நாய் சினையாகவில்லை: பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: இறந்துபோன ஒரு சாம்பியன் நாயின் உறைவிந்தை இரண்டு டோஸ் வாங்கினேன். டோஸுக்கு 4 குச்சிகள் (விந்தை அடைத்து உறையவைக்கும் மெல்லிய குழாய்கள்). சான்றிதழ்படி ஒரு குச்சியில் 6 கோடி உயிரணுக்கள். ‘உருக்கிய பின் முன்னேறி நகரும் உயிரணுக்கள் டோஸுக்கு 10 கோடிக்குக் குறையாது’ என்கிறது ஒப்பந்தம். என் பெண் நாய்க்கு இரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோன் (கருமுட்டை வெளியாகும் நாளைக் கணிக்க உதவும் ஹார்மோன்) 5.4 வந்ததிலிருந்து மூன்றாம் நாள், மருத்துவமனையில் ஒரு டோஸைக் கருப்பைக்குள் செலுத்தினார்கள். 28-ஆம் நாள் ஸ்கேனில் சினை இல்லை. விந்தில் 35 சதவீதம்தான் அசைவு இருந்தது என்கிறார் மருத்துவர். நாள் தப்பு என்கிறார் விற்றவர். யார் மீது வழக்குப் போடலாம்?

பதில்: வழக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆய்வகத்தின் அசல் அறிக்கையை வாங்கி, 5.4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பாருங்கள்.

மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்றால் கருமுட்டை வெளியாகும் கட்டம் அது. முட்டை முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் மூன்றாம் நாள் செலுத்தியது சரி. லிட்டருக்கு நானோமோல் என்றால் கதையே வேறு. அலகை மாற்ற 3.18-ஆல் வகுத்தால் சுமார் 1.7 நானோகிராம்தான், முட்டை வெளியாக அப்போது இன்னும் சில நாள் பாக்கி. இயல்பான சேர்க்கையில் விந்து ஐந்தாறு நாள் தாக்குப்பிடிக்கும். உருக்கிய உறைவிந்து ஏறக்குறைய ஒரு நாள்தான் தாங்கும், முட்டை தயாராவதற்குள் அது செத்திருக்கும். அலகைக் கவனிக்காமல் நாள் குறித்திருந்தால் அது மருத்துவமனையின் கவனக்குறைவு. சினை பிடிக்கும் என்று மருத்துவர் உறுதி தர வேண்டியதில்லை. ஆனால் நியாயமான திறமையும் கவனமும் அவர் கடமை.

விற்றவர் மீதான புகார் இதிலிருந்து தனி. டோஸுக்கு 24 கோடி, அதில் 35 சதவீதம் 8.4 கோடி. அந்த 35 மொத்த அசைவாக (இருந்த இடத்திலேயே துடிப்பவையும் சேர்ந்தது) இருந்தால், முன்னேறி நகர்பவை அதற்கும் குறைவு. எப்படிப் பார்த்தாலும் ஒப்பந்தம் சொன்ன 10 கோடி இல்லை. சொன்ன தரத்தில் பொருள் வரவில்லை என்பதே ஒப்பந்த மீறல். டோஸின் விலையையோ மாற்று டோஸையோ கேட்க, சினை பிடிக்காததற்குக் காரணம் இதுதான் என்று நிரூபிக்கத் தேவையில்லை. மருத்துவச் செலவு, பிறக்காத குட்டிகளின் விலை என்று கேட்டால்தான் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். குட்டிகளின் விலையை நம்பி வழக்கைக் கட்டாதீர்கள். எத்தனை பிறந்திருக்கும், எத்தனை பிழைத்திருக்கும் என்பது ஊகம். நீதிமன்றங்கள் ஊகத்துக்குப் பணம் தரத் தயங்கும்.

ஆனால் அந்த 35 சதவீதத்தை விற்றவர் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். உருக்கிய விதம் தப்பு என்பார். சில விந்து 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வைத்து உருக்கப்படும். சில 70 டிகிரியில் எட்டு விநாடி. உறையவைத்தவரின் குறிப்புப்படி செய்யாவிட்டால் நல்ல விந்தும் கெடும். விந்தை உறைநிலையில் வைத்திருக்கும் தொட்டியில் திரவ நைட்ரஜன் குறைந்திருந்தது என்றும் சொல்லலாம். ஆகவே உருக்கிய நேரம், வெப்பநிலை, நுண்ணோக்கிக் குறிப்பு, குச்சிகளின் லேபிள் விவரம், நைட்ரஜன் நிரப்பிய பதிவேடு எல்லாவற்றுக்கும் மருத்துவமனையிடம் எழுத்தில் நகல் கேளுங்கள். பெண் நாய்க்குப் புருசெல்லா (சினை பிடிப்பதைக் கெடுக்கும் பாக்டீரியாத் தொற்று), கருப்பைக் கோளாறு பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். அடுத்த வாதம் அங்கிருந்துதான் வரும்.

உங்கள் பலமான சாட்சி அந்த மீதி டோஸ். அதைத் தொடவோ அப்புறப்படுத்தவோ கூடாது என்று இன்றே மருத்துவமனைக்கு எழுதுங்கள். லேபிளில் உறையவைத்த தேதி முதல் டோஸோடு ஒத்துப்போனால், இரு தரப்பும் ஏற்கும் ஆய்வகத்தில் ஒரே ஒரு குச்சியை உருக்கிப் பார்க்க விற்றவரை அழையுங்கள். அவர் மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்குத்தான் உதவும்.

சினை பிடிக்காததை இத்தனை நாளுக்குள் மருத்துவர் சான்றோடு தெரிவிக்க வேண்டும் என்ற வரி இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடிப் படித்து, கெடு முடியுமுன் இருவருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்புங்கள். ‘டாக்டர் நாளைத் தப்பாகக் குறித்துவிட்டார்’ என்று விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் புலம்ப வேண்டாம். அதையே அவர் நீதிமன்றத்தில் நீட்டுவார்.

மருத்துவமனையில் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் ‘எதற்கும் பொறுப்பல்ல’ என்று இருந்தாலும் அஞ்ச வேண்டாம். கவனக்குறைவுக்கு அந்த வரி எல்லா இடத்திலும் செல்லாது.

அடுத்த பருவத்தில் மீதிக் குச்சிகளைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், ஆய்வு முடிந்த பிறகே செய்யுங்கள். அதனால் உங்கள் கோரிக்கையைக் கைவிட்டதாக ஆகாது என்று விற்றவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.