பாஷில் அரேயின் பெயரே வேரியபிளில் இருந்தால்?

பாஷ் (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்ட் ஒன்றில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று ஊருக்கொரு அரேயில் (வரிசைப் பட்டியலில்) நாள்வாரியாக மழையளவு. லூப்பில் ஊர் மாற மாற அந்தந்த அரேயில் எழுதணும். இதுதானே கேள்வி? ஊர்ப்பெயர் இருக்கும் வேரியபிளுக்கு முன்னால் டாலர் போட்டு மதிப்பு கொடுத்தால், அதைக் கட்டளை என்று நினைத்து 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று கத்தும்.

பாஷ் 4.3 முதல் நேம்ரெஃப் (இன்னொரு வேரியபிளுக்கு மாற்றுப்பெயராக நிற்கும் வேரியபிள்) உண்டு: டிக்ளேர், மைனஸ் என். 'பெட்டி'யை இப்படிக் குன்னூரோடு இணைத்தால், பெட்டியில் போடுவதெல்லாம் குன்னூரில் விழும். அடுத்த ஊருக்கும் மைனஸ் என் போட்டே இணையுங்கள். வெறும் சமக்குறி போட்டீர்களோ, புது ஊரின் பெயர் குன்னூரின் முதல் இடத்தில் போய் விழும்; முதல் நாள் கணக்கு காலி! (நான் பட்டது.)

ஊர்ப்பெயர் வெளி ஃபைலிலிருந்து வருகிறதா? ஈவல் (கொடுத்த எழுத்தைக் கட்டளையாக ஓட்டுவது) பக்கமே போகாதீர்கள்; உள்ளே கட்டளை ஒளிந்திருந்தால் அதையும் ஓட்டிவிடும்.

நானாக இருந்தால் 4.0-லேயே வந்த அசோசியேட்டிவ் அரே (எண்ணுக்குப் பதில் சொல்லையே சாவியாக வைக்கும் அரே) ஒன்றே போதும் என்பேன். சாவியாக ஊரும் தேதியும். வேரியபிள் பெயருக்கு ஆங்கில எழுத்துதான் ஆகும். சாவியைத் தமிழிலேயே வைக்கலாம்.