ஒரே கடை, இரண்டு கணினி, இரண்டு விதமான அப்டேட்

கேள்வி: சின்னதாக ஒரு டிடிபி கடை நடத்துகிறேன். ஒரே நாளில் வாங்கிய இரண்டு கணினிகளிலும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை கடை திறந்ததும் இரண்டிலும் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், அப்டேட் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. இந்த வாரம் இடது பக்கக் கணினி 14 பேக்கேஜ்களையும் (மென்பொருள் தொகுப்புகளையும்) ஏற்றிக்கொண்டது. வலது பக்கக் கணினி 9 மட்டும் ஏற்றிவிட்டு, ஐந்தைத் தள்ளிவைத்திருப்பதாகச் சொல்கிறது. அந்த ஐந்தில் பெரும்பாலானவற்றின் பெயரில் மீசா என்று இருக்கிறது. கட்டாயப்படுத்தி ஏற்றிவிடலாம் என்கிறான் என் தம்பி. மொத்தமாக அழித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார் பக்கத்துக் கடைக்காரர். முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. என்ன செய்யட்டும் ஐயா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: எதுவும் செய்யாதீர்கள் அம்மா. இரண்டு கணினிகளும் நன்றாக இருக்கின்றன. தம்பியிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் வியாழக்கிழமை வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

அந்த ஐந்து பெயர்களுக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்திருக்கும். தவணை வெளியீட்டை முன்னிட்டு இவை ஒத்திவைக்கப்பட்டுள்ளன என்பது அதன் பொருள். பலரும் அந்த வரியைத் தாண்டி நேராக எண்ணிக்கைக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் கேள்விக்கான முழு விடையும் அந்த வரியில்தான் இருக்கிறது.

கல்யாண வீட்டில் வந்தவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் இலையில் உட்கார வைப்பதில்லை. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று போகும். முதல் பந்தியில் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று தெரிந்தால் சமையல்காரர் அடுத்த பந்திக்குள் சரிசெய்துவிடுவார். உபுண்டுவும் சாதாரண அப்டேட்களை அப்படித்தான் பரிமாறுகிறது. முதலில் 10 சதவீதக் கணினிகளுக்கு மட்டும் திறந்துவிடுகிறார்கள். பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துப் பத்தாகக் கூட்டுகிறார்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் 54 மணி நேரத்தில் அனைவருக்கும் கிடைத்துவிடும். ஏற்றிக்கொண்ட கணினிகளிலிருந்து வரும் பழுது அறிக்கைகள் திடீரென்று கூடினால், அத்தோடு விநியோகத்தை நிறுத்திவிடுவார்கள். 2013 ஏப்ரலில் வந்த 13.04 பதிப்பிலிருந்தே அப்டேட் ஜன்னலில் இந்த முறை உண்டு. பேக்கேஜ்களை ஏற்ற டெர்மினலில் நாம் தட்டும் ஆப்ட் கட்டளை 21.04 பதிப்பிலிருந்துதான் இதைக் கடைப்பிடிக்கிறது. பல வருடங்களாக டெர்மினலே கதி என்று இருப்பவர்களுக்கு இது புதுக் கோளாறு போலத் தெரிவது அதனால்தான்.

சரி, உங்கள் இடது கணினிக்கு முதல் பந்தியில் எப்படி இடம் கிடைத்தது? உபுண்டு நிறுவும்போதே ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடையாள எண் உண்டாகிவிடும். எட்சி என்ற ஃபோல்டருக்குள் மெஷின்-ஐடி என்ற பெயரில் ஒரே ஒரு வரியுள்ள கோப்பு இருக்கிறது, திறந்து பாருங்கள். எண்ணும் எழுத்துமாக 32 குறிகள் இருக்கும். அந்த வரியோடு பேக்கேஜின் மூலப் பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, நூறுக்குள் ஓர் எண்ணைக் கணினியே குலுக்கி எடுக்கிறது. உங்கள் வலது கணினிக்கு 62 விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் வெளியீடு 30 சதவீதத்தில் இருந்தால் அது காத்திருக்கும். 70 சதவீதம் ஆனதும், அதாவது வெளிவந்து 36 மணி நேரம் கழித்து, தானாக இடம் கிடைத்துவிடும்.

ஐந்து பேக்கேஜ்களும் சேர்ந்தே நிற்பதற்கும் இதுதான் காரணம். அவை ஐந்தும் மீசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளின் ஒரே மூலத்திலிருந்து பிரிந்து வந்தவை. மூலப் பெயரை வைத்துக் குலுக்குவதால், வந்தால் ஐந்தும் வரும், நின்றால் ஐந்தும் நிற்கும். அடுத்த அப்டேட்டுக்குக் குலுக்கல் வேறு. அப்போது வலது கணினி முந்திக்கொள்ளலாம்.

தம்பி சொல்வதுபோல் கட்டாயப்படுத்தவும் வழி இருக்கிறது. வேண்டாம் என்கிறேன். அந்த ஐந்து பேக்கேஜ்களின் பெயரைக் கொடுத்து 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டினால் ஏறிவிடும். ஆனால் அவற்றை நீங்களே விரும்பிக் கேட்டு நிறுவியதாகக் கணினி குறித்து வைத்துக்கொள்ளும். பின்னால் அவை தேவைப்படாத காலத்திலும் தானாகக் கழியாமல் தங்கிவிடும்.

இன்னொரு காரணம் எனக்கு நேர்ந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆய்வகத்தில் 22 கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஒன்றில் எல்லாவற்றையும் நிறுவி, அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற 21-க்கும் நகல் எடுத்தேன். மெஷின்-ஐடியும் சேர்ந்து நகலானதை யோசிக்கவில்லை. 22 கணினிகளுக்கும் ஒரே அடையாளம், ஒரே குலுக்கல் எண். கிராஃபிக்ஸ் சம்பந்தமான ஓர் அப்டேட் வந்தபோது அத்தனையும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டன. அது அங்கிருந்த பழைய கார்டுகளோடு ஒத்துப்போகவில்லை. மறுநாள் காலை விளக்கைப் போட்டால் 22 திரையும் கறுப்பு. வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களை உட்கார வைக்க ஒரு கணினிகூட இல்லை. அன்று மாலை வரை ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் நகல் எடுக்கும் முன் மூலக் கணினியில் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைக் காலி செய்துவிடுவேன். அடுத்த முறை இயங்கும்போது ஒவ்வொரு கணினியும் தனக்கென்று புதிய எண் போட்டுக்கொள்ளும்.

உங்கள் கடையில் இருப்பது இரண்டே கணினி. முகூர்த்த மாதத்தில் ஒன்று படுத்தாலும் மற்றது பத்திரிகையை முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் ஒரே அப்டேட்டை வாங்காமல் இருப்பது உங்களுக்கு நல்லது. பாதுகாப்பு அப்டேட்கள் பின்தங்கிவிடுமோ என்ற பயமும் வேண்டாம், அவை தவணையில் வருவதில்லை. வெளியான உடனே எல்லாக் கணினிகளுக்கும் திறந்துவிடுகிறார்கள்.

ஒன்று செய்யுங்கள். தள்ளிவைத்த பெயர்களை ஒரு தாளில் எழுதி, வியாழக்கிழமை மறுபடி அப்டேட் கொடுங்கள். பெரும்பாலும் வந்திருக்கும். இல்லையென்றால் 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று தட்டி, பக்கத்தில் பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். தவணை எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று புதிய பதிப்பின் அருகிலேயே காட்டும். சதவீதம் எதுவும் காட்டாமல் அதே பெயர் அடுத்த திங்கட்கிழமையும் நின்றால், 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்று கேட்டுப் பாருங்கள். யாராவது பூட்டி வைத்திருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் வரும். அதிலும் இல்லை என்றால் உபுண்டு அல்லாத வேறு இடத்திலிருந்து பேக்கேஜ் தரும் வெளியார் களஞ்சியம் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா என்று பார்த்து, திரையில் வந்ததை அப்படியே எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வீட்டில் என் கணினியிலும் மகள் கணினியிலும் உபுண்டு. அவளுடைய ஃபயர்பாக்ஸ் புதிய பதிப்பு, என்னுடையது பழையது. ஆப்ட் அப்டேட் கொடுத்தால் ஏற்ற எதுவும் இல்லை என்கிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, 22.04 முதல் உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற வேறொரு பேக்கேஜ் வடிவத்தில்தான் வருகிறது. ஆப்ட் அதைக் கவனிப்பதில்லை. ஸ்னாப் தனியாக ஒரு நாளைக்கு நான்கு முறை புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். ஆனால் ஃபயர்பாக்ஸ் திறந்திருந்தால் மாற்றாமல் காத்திருக்கும், அதிகபட்சம் 14 நாள் வரை. மகள் இரவில் கணினியை அணைத்துவிடுவார் என்று நினைக்கிறேன். நீங்கள் மூடியை மட்டும் சாய்த்துவிட்டுப் படுப்பவராக இருந்தால் உங்கள் ஃபயர்பாக்ஸ் மூடப்படுவதே இல்லை. எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு டெர்மினலில் 'சூடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ்' கொடுங்கள். பிரௌசர் விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதில்தானே.

கேள்வி: அப்டேட் ஜன்னல் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறது. டெர்மினலில் பார்த்தால் ஏழெட்டு மிச்சம் இருக்கிறது. அதிலும் கெர்னல் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. எது உண்மை?
- கல்லூரி மாணவர், சேலம்

பதில்: இரண்டும் உண்மை தம்பி. அந்த ஜன்னல் பாதுகாப்பு அப்டேட்களை உடனே சொல்லும். மற்றவற்றுக்காக வாரத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். அமைப்புகளில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஏறாததற்கு, நீ பழைய பாடக் குறிப்பைப் பார்த்து 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' தட்டுவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. அந்தக் கட்டளை ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ்களை மட்டும் புதுப்பிக்கும், புதிதாக ஒன்றையும் சேர்க்காது. ஒவ்வொரு புதிய கெர்னலும் புதிய பெயரில் தனிப் பேக்கேஜாக வருவதால் அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. நடுவில் 'கெட்' இல்லாமல் 'ஆப்ட் அப்கிரேட்' என்று தட்டு, உள்ளே வரும். 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் பேக்கேஜ்களை நீக்கவும் செய்யும். அதைத் தட்டும் நாளில், நீக்கப்போகும் பட்டியலை முழுக்க வாசித்துவிட்டு ஒய் கொடு.

மிச்சம் இருப்பதில் சில உபுண்டு ப்ரோ என்ற, பதிந்துகொண்டு பெறும் கூடுதல் சேவையின் தலைப்பின் கீழ் வந்தால் அது வேறு கணக்கு. சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம்தான். பதிந்துகொண்டால் அவையும் ஏறிவிடும். விடுதி நண்பன் கணினியில் வருவது உன்னுடையதில் வரவில்லை என்றால், அவன் பதிந்திருக்கிறானா என்று முதலில் கேட்டுப் பார்.